பொருளும் அதன் ஊரும்: வட்டார அருங்காட்சியகத்தில் உள்ளூர்ச் சரித்திரம்

ஒரு மாகாணத்தின் தலைநகரில் அமைந்த பெரிய அருங்காட்சியகத்துக்கும், ஒரு சிறிய நகரத்தில் அமைந்த வட்டார அருங்காட்சியகத்துக்கும் உள்ள வித்தியாசம் கட்டடத்தின் அளவைப் பற்றியது என்றோ, பொருள்களின் எண்ணிக்கையைப் பற்றியது என்றோ பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணமே வட்டார அருங்காட்சியகங்கள் பலவற்றின் வளர்ச்சிக்குத் தடையாக நின்றிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சென்னையில் 1851-ஆம் ஆண்டில் எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவ அதிகாரியின் பொறுப்பில் தொடங்கிய அருங்காட்சியகம், அமராவதிச் சிற்பங்களையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் பல திசைகளிலிருந்தும் கொண்டுவந்து சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பைக் கற்றவர்களுக்கு அளித்தது. அங்கே ஒரு பொருளின் பெருமை அதன் அருமையில் இருக்கிறது. வட்டார அருங்காட்சியகத்திலோ, பொருள் எத்தனை எளியதாயினும், அது எந்த ஊரில், எந்த மண்ணிலிருந்து, எவர் கையிலிருந்து வந்தது என்ற செய்தியிலேயே அதன் மதிப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. அச்செய்தி அறுந்துபோன பொருளை எவ்வளவு அழகிய கண்ணாடிப் பேழையில் வைத்தாலும் அது அந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தில் ஒரு வரியையும் சேர்ப்பதில்லை.

இதை விளக்குவதற்குப் புதுக்கோட்டையைக் காட்டிலும் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறு எனக்குத் தோன்றவில்லை. தொண்டைமான்கள் ஆண்ட அந்தச் சமஸ்தானம், 1,100-க்கும் மேற்பட்ட சதுர மைல் பரப்புள்ள சிறு நிலப்பகுதியே ஆயினும், தன் சரித்திரத்தைத் தானே தேடி எழுதி வைத்துக்கொள்வதில் பெரிய மாகாணங்களும் வியக்கத்தக்க சிரத்தை காட்டியது. 1910-ஆம் ஆண்டில், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில், அங்கே அருங்காட்சியகம் ஸ்தாபிக்கப்பட்டது. 1916-இல் ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய சமஸ்தானத்தின் பொதுச் சரித்திரம் வெளிவந்தது. 1929-இல், சமஸ்தானத்திலுள்ள 1,100-க்கும் மேற்பட்ட கல்வெட்டுக்களின் மூலபாடங்கள் ஒரே தொகுதியாக அச்சேறின. 1938 முதல் 1944 வரை, கே. ஆர். வேங்கடராம ஐயரின் உழைப்பால், சமஸ்தானத்தின் விரிவான கையேடு பகுதி பகுதியாக வெளிவந்தது. பிற்காலத்தில் பல்லவர் குடைவரைகளைப் பற்றிய ஆராய்ச்சியால் புகழ்பெற்ற கே. ஆர். சீனிவாசன் இந்த அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராகப் பணிபுரிந்தவரே. 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்ந்த பின்னும், 1974-இல் தனி மாவட்டமாக மீண்டும் உருக்கொண்ட பின்னும், திருக்கோகர்ணத்தில் அந்த அருங்காட்சியகம் தொடர்ந்து இயங்கிவருகிறது. நூலும், கல்வெட்டுத் தொகுதியும், காட்சிக்கூடமும் ஒரே தலைமுறையில், ஒரே சிறு நிலத்தைப் பற்றி, ஒன்றுக்கொன்று துணையாக எழுந்த இந்நிகழ்ச்சி நம் நாட்டில் அரிது.

அந்தக் காலத்தில் பிரதேச ஆராய்ச்சி என்ற எண்ணமே உலகில் புதிதாக வலுப்பெற்று வந்தது. எடின்பரோ நகரத்தில் ஒரு கோபுரத்தையே பிரதேச அருங்காட்சியகமாக மாற்றியமைத்த பாட்ரிக் கெட்டிஸ், இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் பிரிக்காமல் ஒருசேர ஆராய்ந்தாலன்றி எந்த ஊரையும் அறிய முடியாது என்று போதித்தவர். அவர் 1914-இல் இந்தியாவுக்கு அனுப்பிய நகரக் கண்காட்சியின் வரைபடங்களும் படங்களும், சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் தாக்கியதால் கடலில் மூழ்கிப்போயின. நண்பர்களின் உதவியால் வேறொரு தொகுதி திரட்டி, 1915-இல் சென்னையில் அக்கண்காட்சியை அவர் நடத்தினார். புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் அமைத்தவர்கள் கெட்டிஸைப் பின்பற்றியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை; அவர் இந்தியாவுக்கு வருமுன்பே அவர்கள் தொடங்கிவிட்டார்கள். ஆயினும் மண்ணியல், விலங்கியல், மானிடவியல், கல்வெட்டு, ஓவியம், நாணயம் என எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்த அவர்களது அமைப்பை இன்று பார்க்கும்போது, அது பிரதேசத்தை முழுமையாகக் காணும் கெட்டிஸின் நோக்கத்துக்கு மிகவும் அணுக்கமாக இருப்பதை உணரலாம். ஆகவே துறை துறையாகப் பிரிந்து கிடக்கும் அந்தப் பொருள்களை ஊரின் வாழ்க்கை என்னும் இழையில் மீண்டும் கோப்பதுதான் இன்றைய காப்பாட்சியருக்கு எஞ்சியுள்ள வேலை.

அவ்வேலை காட்சிப் பேழையில் தொடங்குவதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்குகிறது. பொருள் வந்த நாள், கிடைத்த இடம், கிடைத்த விதம், கொடுத்தவர் பெயர், விலைக்கு வந்ததா கொடையாக வந்ததா என்ற விவரம், அளவு, எடை, வந்தபோது இருந்த நிலை, புகைப்படம் ஆகியவற்றைப் பதிந்து, அழியாத எண் ஒன்றைப் பொருளின்மேலும் எழுதி, பதிவேட்டில் எழுதியதைப் பின்னர் எவரும் சுரண்டித் திருத்த முடியாதபடி காப்பது அருங்காட்சியகத்தின் முதற்கடமை. ராபர்ட் புரூஸ் பூட் 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தது முதல் நாற்பதாண்டுகளாகத் தென்னாடெங்கும் அலைந்து சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அரசாங்கம் 1904-இல் விலைக்கு வாங்கியது. அவற்றின் அட்டவணை அவர் காலமான பிறகே அச்சில் வந்தது. நூறாண்டுகளுக்குப் பின்னும் ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தொகுதியை நாடிச் செல்வதற்குக் காரணம், கற்களின் அழகன்று. ஒவ்வொரு கல்லும் எந்த இடத்தில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்ததுதான். அதே காலத்தில் அதே தரத்துக் கற்களைச் சேர்த்து, இடம் குறிக்காமல் பெட்டிகளில் போட்டு வைத்தவர்களின் தொகுதிகள் யாருக்கும் பயன்படாமல் போயின.

இடத்தையும், கொடுத்தவரையும், பெற்றவரையும் குறித்து வைக்கும் வழக்கம் நமக்கு மேனாட்டார் கற்பித்தது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில், ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமி எழுத்து ஒன்று இருக்கிறது. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக, சிறுபோசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளயர் செய்வித்த இருக்கை இது என்று அது சொல்கிறது. யாருக்கு, அவர் எந்த ஊர், செய்தவர் யார், அவர் எந்த ஊர், செய்த பொருள் என்ன என்னும் ஐந்து விவரங்களையும் அந்த ஒரே வரி தாங்கி நிற்கிறது. அருங்காட்சியகத்தில் எழுதப்படும் குறிப்பட்டை ஒவ்வொன்றும் அந்தக் கல்வரியின் தரத்தை எட்டுமானால் நான் மனநிறைவு கொள்வேன். 'மண்பாண்டம், பழங்காலம்' என்று மட்டும் எழுதி ஓய்ந்துவிடும் குறிப்பட்டைகளை நாம் இன்றும் பல ஊர்களில் காண்கிறோம் அல்லவா?

பொருள் ஊரை விட்டுப் போய்விட்ட நிலையில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. 1898-ஆம் ஆண்டில், ஆலங்குடித் தாலுகாவைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில், ஒரு பானையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமீது உளியால் குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஹில் என்னும் நாணயவியல் அறிஞர் அப்போதே அவற்றைப் பற்றி எழுதினார். காசாகச் செல்லாதபடி செய்து, வெறும் பொன்னாக நிறுத்துக் கொடுப்பதற்காக அவ்வாறு வெட்டினார்களா, வேறு காரணம் உண்டா என்பதைப் பற்றி இன்றளவும் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வந்திலர். அக்காசுகள் பல இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை கிடைத்தபோது புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் இல்லை. அது தோன்றப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இத்தகைய நிலையில் உள்ளூர் அருங்காட்சியகம் அப்புதையலைப் பற்றி மௌனம் சாதிப்பது தகாது. கருக்காக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று காட்டும் நிலப்படமும், அங்கிருந்து கடற்கரைக்கு உள்ள தூரமும், காசுகளின் தெளிவான பெரிய புகைப்படங்களும், வெட்டுக்குறியைத் தொட்டுணரத்தக்க வார்ப்புப் பிரதி ஒன்றும், அவை இப்போது இருக்கும் இடம் இன்னது என்ற நேர்மையான அறிவிப்பும் கொண்ட ஒரு பேழையை அங்கே அமைக்கலாம். இல்லாத பொருளைப் பற்றிய பேழை அது. ஆயினும் அவ்வட்டாரத்துப் பள்ளிச் சிறுவன் ஒருவன், தன் தாத்தாவின் ஊர்ப்பெயர் ரோமாபுரியின் பெயரோடு ஒரே பலகையில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நின்றுவிடுவானானால், பொன் காசு இருந்து செய்யக்கூடிய காரியத்தில் பெரும்பகுதியை அப்பலகை செய்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். பிரதியைப் பிரதி என்று பெரிய எழுத்தில் எழுதியாக வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது; பார்ப்பவரின் நம்பிக்கையை ஒருமுறை இழந்த அருங்காட்சியகம் அதை மீண்டும் பெறுவது கடினம்.

பொன்னை விட்டுச் செம்புக்கு வருவோம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு, ஒரு ரூபாய்க்கு 320 என்ற கணக்கில் வழங்கிய மிகச் சிறிய நாணயம். ஒரு பக்கத்தில் பிரகதாம்பாளின் உருவமும், மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல்லும் பொறித்த அக்காசை, நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு வழங்கினார்கள். பிற்காலத்துக் காசுகள் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காமில் அச்சடிக்கப்பட்டு வந்தவை. அதை ஒரு நாணயப் பேழையில், பாண்டியர் காசுக்கும் நாயக்கர் காசுக்கும் நடுவே, எண் இட்டு வைப்பது ஒரு முறை. ஆனால் பிரகதாம்பாளின் கோயில் அதே திருக்கோகர்ணத்தில், அருங்காட்சியகத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. ஆகவே அக்காசை நவராத்திரியில் அளந்து கொடுத்த அரிசியின் அளவோடும், அளந்த படியோடும், அது எந்தக் கடையில் எந்தப் பண்டத்துக்கு மாறியது என்பதை நினைவில் வைத்திருந்த முதியவர்களின் வாய்மொழியோடும், பர்மிங்காம் என்ற தொலைதூர நகரத்தின் பெயரோடும் சேர்த்து வைத்தால், சமஸ்தானத்து அரசியல், பக்தி, வாணிகம், ஆங்கில ஆட்சியின் கைநீளம் ஆகிய நான்கையும் நகத்தளவு செம்பு ஒன்றே பேசத் தொடங்கிவிடும்.

இதைவிட முக்கியமானது தண்ணீரைப் பற்றிய காட்சி. பெரிய ஆற்றுப்பாசனம் அதிகம் வாய்க்காத அந்நிலத்தை வாழவைத்தவை ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏந்தல்களும் ஊருணிகளுமே. கண்மாயின் உட்புறத்தில் இரண்டு கற்றூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களுமாக நிற்கும் குமிழியைப் பயணிகள் பலர் இடிந்த மண்டபத்தின் மிச்சம் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். அதன் அடியில் கல்தொட்டி ஒன்று உண்டு. மேலே நீரோடித் துளையும், தாழ்ந்த இடத்தில் சேறோடித் துளையும் உண்டு. நீந்திச் சென்று, மூச்சடக்கி மூழ்கி, அடைப்பைத் தூக்கினால் தெளிந்த நீரோடு வண்டலும் சேர்ந்து வாய்க்கால் வழியே வயலுக்குப் போய்விடும். கண்மாய் தூர்வதும் குறையும். குமிழித் தூண்கள் பலவற்றில், அதை அமைத்துக் கொடுத்தவர் பெயர் கல்வெட்டாகப் பொறித்திருக்கிறது. அரசர்கள் கட்டிய கோயில்களைப் பற்றி நாம் அறிந்திருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கும் இந்தத் தூண்களைப் பற்றி அறிந்திலோம்.

குமிழியைப் பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியக முற்றத்தில் நிறுத்தலாமா? கண்மாய் அழிந்து, தூண் உடைபடும் அபாயம் இருந்தாலன்றிக் கூடாது என்பதே என் திடமான கருத்து. இடத்தில் நிற்கும் சாசனம் இடத்திலேயே நிற்க வேண்டும். அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியது, நெடுக்குவெட்டாக அறுத்துக் காட்டும் ஒரு மாதிரி அமைப்பு. குழந்தைகள் தம் கையால் அடைப்பைத் தூக்கி, நீரும் வண்டலும் தத்தம் துளை வழியே வெளியேறுவதைப் பார்க்கும்படி அது இயங்க வேண்டும். அதன் பக்கத்தில் கல்வெட்டின் மைப்படி, அந்தக் கண்மாய்க்குப் போகும் வழி, இன்று மடை திறப்பவரின் குரலில் அவர் வேலையைப் பற்றிய பதிவு ஆகியவை இருக்கட்டும். வயிற்றுக்குச் சோறிட்ட தொழில்நுட்பத்தை அரசரின் வாளுக்குக் கொடுக்கும் இடத்தைவிடச் சிறிய இடத்தில் வைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும் இத்தகையதே. பாறையில் செதுக்கிய அந்த ஸ்வரத் தொகுதிகளைக் கட்டடத்துக்குள் கொண்டுவர இயலாது. மைப்படியை மட்டும் சட்டமிட்டு மாட்டினால், கிரந்த எழுத்து அறியாதவருக்கு அது கறுப்புக் காகிதம். ஒவ்வொரு தொகுதியையும் இன்றைய எழுத்தில் பெயர்த்தெழுதி, இசை வல்லார் ஒருவர் தம் ஆராய்ச்சியின்படி இசைத்ததை ஒலிப்பதிவாகக் கேட்கச் செய்து, இது ஒருவரது ஊகம், இதற்கு மாறான விளக்கங்களும் உண்டு என்று பக்கத்திலேயே சொல்லிவிடலாம். அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதைப் பொதுமக்களிடம் மறைக்கும் வழக்கம் நம் காட்சிக்கூடங்களில் மிகுதி. அது பொதுமக்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

இனி, இன்றும் வழிபாட்டில் உள்ள பொருள்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புதுக்கோட்டை வட்டாரத்தில் அய்யனார் கோயில்களுக்கு மண்குதிரை செய்து வைக்கும் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கும் மேல் உயர்ந்த குதிரைச் சிலை நிற்கிறது. மலையூர், துவரடிமனை போன்ற ஊர்களில் வேளார்கள் சுடுமண் உருவங்களை வனைந்து வருகிறார்கள். மண்குதிரையைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்புக்கு ஊரார் முதலில் வேளாரிடம் பிடிமண் கொடுக்க வேண்டும். அந்த மண்ணைத் தன் மண்ணோடு கலந்து குதிரை செய்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டி, கண் திறந்த பிறகே அது ஊர்வலமாகக் கோயிலுக்குப் போகிறது. அங்கே மழையிலும் வெயிலிலும் நின்று, சில ஆண்டுகளில் பொரிந்து, உடைந்து, மண்ணோடு மண்ணாகிறது. பின்னர் வேறு குதிரை வருகிறது. அழிந்து போவதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் அது.

அழியாமல் காப்பதே அருங்காட்சியகத்தின் தர்மம் என்று நாம் கற்றிருக்கிறோம். ஆகவே கோயில் வாசலில் சிதைந்து கிடக்கும் பழங்குதிரை ஒன்றைக் கண்டதும் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பு. அப்படிக் கொண்டுவருவது கோயிலுக்கும் ஊருக்கும் இழைக்கும் தீங்கு. நேர்ந்து வைத்தவரின் நேர்ச்சை அதனோடு இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் பேசி, அருங்காட்சியகத்துக்கென்றே ஒரு குதிரையை வேளாரிடம் செய்யச் சொல்லி, அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுத்து, மண் பிசைவது முதல் சூளை பிரிப்பது வரை ஒவ்வொரு படியையும் அவர் சொற்களிலேயே பதிவு செய்து, கண் திறக்கலாமா கூடாதா என்ற முடிவையும் அவரிடமே விட்டுவிடுவது சரியான முறை. குறிப்பட்டையில் செய்தவர் பெயர், அவர் விரும்பினால், முதல் வரியில் இருக்க வேண்டும். 'நாட்டுப்புறக் கலை' என்ற தலைப்பின் கீழ்ப் பெயரில்லாமல் நிற்கும் பொருள்கள் அனைத்தும் ஒருகாலத்தில் பெயருள்ள ஒருவர் செய்தவையே. அப்பெயரைக் கேட்டுக் குறிக்காமல் விட்டது சேகரித்தவரின் குறை.

பாதுகாப்புமுறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓலைச்சுவடி, துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின்மேல் விழும் ஒளி 50 லக்ஸ் அளவைத் தாண்டலாகாது. ஜன்னல் வழியே நேரே வரும் வெயில் எதன்மேலும் படக்கூடாது. ஈரப்பதம் உயர்ந்தும் தாழ்ந்தும் அலைவது, நிலையாகச் சற்று மிகுந்திருப்பதைக் காட்டிலும் கெடுதல். மண்ணிலிருந்து எடுத்த இரும்பு, உப்பை நீக்காவிட்டால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். செப்புத் திருமேனியில் வெளிறிய பச்சைத் துகள் தோன்றினால் அது குளோரைடு நோயின் அறிகுறி. அதைப் புளியிட்டுத் துலக்குவதைப் போன்ற கேடு வேறில்லை. 1930-இல் சென்னை அருங்காட்சியகத்தில் இரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஏற்பட்டு, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றிக் காட்டிய நாள் முதல் இந்த அறிவு நம் நாட்டிலேயே கிடைக்கிறது. அதைச் சிறு நகரங்களுக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் குறை. சிகிச்சை தேவைப்படும் பொருளைச் சென்னைக்கு அனுப்பித் திரும்பப் பெறுவதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கினாலே பெரும்பாலான இழப்பைத் தவிர்க்கலாம்.

குறிப்பட்டையின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. பார்ப்பவர் நின்றுகொண்டு, பெரும்பாலும் கையில் குழந்தையோடு படிக்கிறார் என்பதை எழுதுபவர் மனத்தில் கொள்ள வேண்டும். ஐம்பது அறுபது சொற்களுக்கு மேல் போனால் படிப்பவர் இல்லை. தமிழே முதலில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலம் அதன் கீழே வரட்டும். வட்டாரத்தில் ஒரு பொருளுக்கு வழங்கும் பெயரை நூற்பெயருக்காகக் கைவிடுவது பெரிய இழப்பு: பெருங்கற்காலத்து ஈமத் தாழியைப் புதுக்கோட்டைப் பக்கத்தார் மதமதக்கத் தாழி என்றும் சொல்வார்கள். அப்பெயர் பலகையில் இருந்தால், 'இதுபோல் எங்கள் கொல்லையிலும் கிடக்கிறதே' என்று எவரேனும் வந்து சொல்ல வழியுண்டு. பல தொல்லியல் களங்கள் அவ்விதமே வெளிப்பட்டிருக்கின்றன. 2021 முதல் அகழாய்வு நடைபெற்ற பொற்பனைக்கோட்டையைப் போன்ற இடங்களிலும், அறிஞர்கள் வருமுன்பே அங்குள்ள மக்களுக்குப் பழைய மதில் என்று தெரிந்திருந்தது.

உள்ளூர்ச் சரித்திரம் சமஸ்தானம் மறைந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. நம் அருங்காட்சியகங்களில் பல, அரசரின் சிம்மாசனத்தோடும் வாளோடும் சரித்திரத்தை நிறுத்திக்கொள்கின்றன. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்களே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில், பலருடைய ஆட்சேபத்துக்கிடையே, அரசரின் அனுமதியால் இடம்பெற்றார். பின்னர் மருத்துவராகி, 1927-இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, 1947-இல் அதற்கான சட்டம் நிறைவேறக் காரணமாக இருந்தவர்களுள் முதன்மையானவரானார். அவர் தாயார் தேவதாசி மரபில் வந்தவர் என்ற உண்மையை விட்டுவிட்டு அவர் வரலாற்றைச் சொன்னால் அது பாதி வரலாறு. அக்காலத்துக் கல்லூரி வகுப்பறை ஒன்றின் பெஞ்சும், கோயில்களில் நாட்டியம் ஆடிய பெண்களுக்கு விட்ட மானிய நிலங்களைப் பற்றிய சாசனமும் ஒரே அறையில் எதிரெதிரே இருந்தால், அவற்றிடையே அந்தப் பெண்மணி கடந்த தூரத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் அண்மைக்கு வருவோம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கல்லுடைக்கும் தொழிலாளிகளும், விவசாயக் கூலிகளும், கிராம மருத்துவத் தாதியரும் சாலையில் சைக்கிளில் வரத் தொடங்கியது அம்மாவட்டத்தின் சமூக வாழ்க்கையில் பெரிய மாற்றம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதிய அளவு கிடைக்காமல், பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்புறக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அதிலுள்ள ஒரு வசதி. ஆகவே காட்சிக்கு ஒரு சைக்கிள் தேடும் காப்பாட்சியர், கடையிலிருந்து புதிய பெண்கள் சைக்கிளை வாங்கி வைத்துவிட்டால் சரித்திரம் பிழைபடும். குறுக்குக் கம்பி தேய்ந்த, அந்த ஆண்டுகளில் உண்மையாகவே ஒரு பெண் ஓட்டிய, அவர் விருப்பத்தோடு கொடுத்த சைக்கிள்தான் வேண்டும். அவர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எதைச் சுமந்துகொண்டு போனார் என்பதையும் அவர் வாயால் கேட்டுப் பதிய வேண்டும். அன்று இருபது வயதில் ஓட்டக் கற்றவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். ரோமானியக் காசு இன்னும் ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தாலும் கெடாது. இந்த நினைவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. சேகரிப்பின் அவசரம் பழமையைப் பொறுத்ததன்று என்பதை வட்டார அருங்காட்சியகங்கள் இன்னும் உணரவில்லை என்றே வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

யாருடைய சரித்திரம் என்ற கேள்வியும் இதிலேயே அடங்கியிருக்கிறது. கொடை கொடுக்க வசதி இருந்தவர்களின் வீட்டுப் பொருள்களே அருங்காட்சியகத்துக்கு எளிதில் வருகின்றன. கண்மாயின் மடையைத் திறந்தவர், சூளையில் வெந்தவர், கல் உடைத்தவர் ஆகியோரின் வீடுகளில் பழம்பொருள் எஞ்சியிருப்பது அரிது. தேய்ந்த கருவியை மீண்டும் உருக்கி அடித்து, அல்லது விற்று, வாழ்ந்த குடும்பங்கள் அவை. அங்கே காப்பாட்சியர் தேடிப்போக வேண்டும். பொருள் இல்லாத இடத்தில் குரலைப் பதிய வேண்டும். சாதிப்பெயரை இழிவாகக் குறிக்கும் பழைய அட்டவணைச் சொற்களைப் பலகையிலிருந்து நீக்கிவிட்டு, ஆராய்ச்சிக்காகப் பதிவேட்டில் மட்டும் விட்டுவைக்க வேண்டும். இது தயவு காட்டுவதாகாது. விடுபட்ட பக்கத்தை நிரப்புவதாகும்.

வாசகர்களில் பெரும்பாலோர் அருங்காட்சியகத்தை நடத்துபவர்கள் அல்லர். ஆயினும் இக்காரியத்தில் அவர்களுக்கு உள்ள பங்கு சிறிதன்று. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ பானையோ காசோ சிலையோ வெளிப்பட்டால், அதைக் கழுவாமல், துலக்காமல், கிடந்த இடத்திலேயே புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது கடமையுங்கூட. பழைய பத்திரங்களையும் கணக்கு நோட்டுக்களையும் எடைக்குப் போடுமுன் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய புகைப்படங்களில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை, அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள்.